கரிசல் வட்டாரத் தலைநோய்ச் சொற்களும் நோய் வகைப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

தலைவலியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் வலியின் இடம், தன்மை, காலம், காரணம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி அமைந்தவை. புதியம்புத்தூரை உள்ளிட்ட கரிசல் வட்டாரப் பேச்சில் வழங்கும் இத்தகைய சொற்களை இக்கட்டுரை இன்றைய மருத்துவத்தின் தலைவலி வகைப்பாட்டோடு வைத்து ஆராய்கிறது. தன்மை பற்றிய சொற்கள் நோயை அடையாளம் காண உதவுகின்றன. காரணம் பற்றிய சொற்களோ பல நேரங்களில் நோயை மறைத்துவிடுகின்றன என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் இதனால் எழும் இரண்டு சிக்கல்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தலைநோவு, தலையிடி, ஒற்றைத் தலைவலி, நீர்க்கோவை, இரட்டைக்கிளவி, கலைச்சொல்லாக்கம், கரிசல் வழக்கு.

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள புதியம்புத்தூர், கரிசல் நிலத்து வானம்பார்த்த வேளாண்மைக்கு நடுவே ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர்பெற்ற ஊர். மழை பொய்க்கும் நிலத்தில் தையல் எந்திரம் பலருக்கு வாழ்வாதாரமாகியிருக்கிறது. குனிந்த கழுத்தும் ஊசிமுனையில் ஊன்றிய பார்வையும் எந்திர ஓசையும் இத்தொழிலின் இயல்புகள். ஆதலின் தலைவலி என்பது இவ்வூரார்க்கு அயலான பொருளன்று. 'தலை வலிக்கு', 'மண்டை இடிக்கு', 'பொட்டு தெறிக்கு', 'தலை கனக்கு' என்று ஒரே துன்பத்தைப் பல சொற்களால் கூறும் வழக்கு இவ்வட்டாரத்தில் உண்டு. இவை ஒரே துன்பந்தாமா, வெவ்வேறு நோய்களா என்பதே வினா.

தலைவலி ஆய்வில் ஒரு தனித்தன்மை உள்ளது. பெரும்பான்மையான தலைவலிகளைக் குருதிச் சோதனையோ ஊடுகதிர்ப் படமோ காட்டுவதில்லை. நோயாளர் கூறும் சொற்களைக் கொண்டே மருத்துவர் நோயைத் துணிய வேண்டியிருக்கிறது. சொல்லே சான்றாக நிற்கும் நோய் இது. மொழியாய்வாளர்க்கு இத்துறையில் இடம் உண்டு எனக் கருதுவதற்கு இதுவே அடிப்படை. இக்கட்டுரை நோயாளர் எண்ணிக்கை தரும் கள ஆய்வு அன்று, சொல்லாய்வு.

நோவு, வலி, இடி

தலைவலி என்னும் சொல் இன்று தமிழகத்தில் பொதுவழக்கு. எனினும் 'வலி' என்பதற்குத் துன்பம் என்னும் பொருள் முந்தையதன்று. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய 'வலியறிதல்' ஆற்றலைப் பற்றியதேயன்றி நோவைப் பற்றியதன்று. துடுப்பு வலித்தல், வலிப்பு முதலிய வழக்குகளில் இழுத்தற்பொருள் தெளிவாகத் தெரிகிறது. நரம்பு இழுபடுவது போன்ற உணர்ச்சியே 'வலி' எனப்பட்டுப் பின் எல்லா நோவுக்கும் பொதுவாயிற்று எனக் கொள்ள இடமுண்டு.

பழைய வேர் 'நோ' என்பதே. கன்னடத்தின் 'தலெநோவு', தெலுங்கின் 'தலநொப்பி' ஆகியவை இவ்வேரினின்று பிறந்தவை. கரிசல் ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. வீட்டில் 'தலநொப்பி' என்றும் வெளியில் 'தலைவலி' என்றும் கூறுவோர், தமிழின் தலைநோவோடு உறவுடைய சொல்லை அறியாமலே காத்துவருகின்றனர். இடைசெவலில் பிறந்து கரிசல் வழக்குக்கென அகராதி தொகுத்த கி. ராஜநாராயணனின் குடும்பமும் அத்தகைய இருமொழிச் சூழலைச் சேர்ந்ததே.

ஈழத்தில் பொதுச்சொல் 'தலையிடி'. தமிழகத் தென்மாவட்டங்களில் 'மண்டையிடி' உண்டு. ஆனால் அது பொதுச்சொல் அன்று. கடுமையான, துடிப்புடைய வலிக்கே பெரிதும் வழங்கும். இங்கே இடி என்பது உரலில் உலக்கை விழுவது போன்ற, விட்டுவிட்டு வரும் அடி. வானத்து இடி அன்று. இவ்வேறுபாடு கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு இன்றியமையாதது.

நன்னூல் பெயர்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுக்கும். தலைநோய்ப் பெயர்களையும் இம்முறையில் அடுக்கிப் பார்க்கலாம். நெற்றிவலி, பிடரிவலி ஆகியவை சினை பற்றியவை. தலைப்பாரம், தலைக்கனம் ஆகியவை குணம் பற்றியவை. இடி, குத்து, தெறிப்பு ஆகியவை தொழில் பற்றியவை. ஞாயிற்றோடு ஏறி ஞாயிற்றோடு இறங்கும் தலைவலியை மருத்துவ நூல்கள் 'சூரியாவர்த்தம்' எனும். அது காலம் பற்றியது. நன்னூல் அடுக்கில் இடம்பெறாத ஒரு வகையும் நோய்ப்பெயர்களில் உண்டு. பித்தத் தலைவலி, நீர்க்கோவை, சைனஸ் தலைவலி என வலிக்கு இன்னது முதல் என்று முடிவுகட்டிவிடும் பெயர்கள் அவை.

'ஒற்றை' என்னும் அடை

மைக்ரேன் என்பதற்குத் தமிழகத்தில் 'ஒற்றைத் தலைவலி' என்றும் ஈழத்தில் 'ஒற்றைத் தலையிடி' என்றும் வழங்குகிறோம். கிரேக்க மரபில் அரை மண்டை எனப் பொருள்படும் 'ஹெமிக்ரேனியா' என்னும் சொல்லே திரிந்து மைக்ரேன் ஆயிற்று. சுசுருதம் கூறும் பதினொரு சிரரோகங்களுள் 'அர்த்தாவபேதகம்' பாதித் தலையைப் பிளப்பது எனப் பொருள்படும். மூன்று மரபுகளும் ஒரே அடையாளத்தைப் பற்றியிருப்பது வியப்பன்று. பாதித் தலை மட்டும் நோவது கண்ணுக்குத் தெரியாத நோயில் ஓர் எல்லைக்கோடு, மறக்க இயலாதது.

ஆனால் அடையாளம் வேறு, இலக்கணம் வேறு. பன்னாட்டுத் தலைவலிக் கழகம் 1988இல் வெளியிட்டு, 2018இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்திய வகைப்பாடு மைக்ரேனுக்கு நான்கு வலிப்பண்புகளைக் கூறுகிறது: ஒருபக்கம் நிற்றல், துடித்தல், நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருத்தல், நடத்தல், படியேறல் போன்ற அன்றாட அசைவால் மிகுதல். இவற்றுள் எவையேனும் இரண்டு போதும். இவற்றோடு குமட்டல் அல்லது வாந்தியோ, வெளிச்சமும் ஓசையும் ஒருங்கே பொறுக்கவியலாமையோ இருத்தல் வேண்டும். மருந்தால் தணியாத வலி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். இத்தகைய தாக்குதல் ஐந்து முறையேனும் வந்திருத்தல் வேண்டும். ஆக, இருபக்கமும் வலிக்கும் மைக்ரேன் உண்டு. ஒருபக்கம் மட்டும் வலித்தும் மைக்ரேன் ஆகாதவையும் உண்டு. 

இங்கே பெயர் நோயாளரைத் தவறாக வழிநடத்துகிறது. தலை முழுவதும் தெறிக்க, வாந்தியெடுத்து, இருட்டறையில் கண்மூடிக் கிடக்கும் பெண் ஒருவர், 'எனக்கு ஒற்றைத் தலைவலி இல்லை, முழுத் தலையும் வலிக்கு' என்று கூறுவார். அவர் தமிழ் பிழையற்றது. அவர் கேட்ட கலைச்சொல்லே குறையுடையது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குவது. மாதவிடாயை ஒட்டிப் பலர்க்கு மிகுவது. அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில் நடந்த மக்களாய்வு, ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு மைக்ரேன் இருப்பதைக் காட்டியது. இத்துணைப் பெருந்தொகையினர்க்கு உரிய நோய்க்குப் பொருத்தமற்ற அடையைச் சூட்டியிருப்பது சிறிய செய்தி அன்று.

ஆயினும் 'ஒற்றைத் தலைவலி' என்னும் பெயரைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வேரூன்றிய சொல்லைப் பிடுங்க இயலாது. பாடநூல்களும் மருத்துவக் குறிப்பேடுகளும் அச்சொல்லை இடுகுறிபோல ஆண்டு, 'ஒற்றை' என்பது எப்போதும் ஒருபக்கத்தைக் குறிக்காது என்னும் விளக்கத்தை அதனுடன் சேர்த்தல் போதும்.

தன்மைச் சொற்களின் நுட்பம்

இரட்டைக்கிளவி இசை, குறிப்பு, பண்பு பற்றி வருவது என்பது இலக்கண மரபு. தலைநோயை விளக்கும் பேச்சில் இம்மூன்றும் கலந்து வருகின்றன. 'விண்விண்' என்பது இறுகக் கட்டிய நாணைச் சுண்டியதுபோல் துடிக்கும் வலி. 'சுருக்சுருக்' என்பது ஊசி குத்தி எடுப்பது போன்ற, நொடிப்பொழுது வந்து மறையும் வலி. 'கிறுகிறு' என்பது வலியே அன்று, தலைச்சுற்றல். 'மதமத' என்பது மரத்துப்போதல்.

பேசுவோர் இவற்றை ஒன்றற்கொன்று மாற்றி வழங்குவதில்லை என்பது கருதத்தக்கது. 'தலை விண்விண்ணென்று தெறிக்கு' என்பாரிடம் துடிப்பு உண்டு; வகைப்பாடு கூறும் மைக்ரேன் பண்புகளுள் ஒன்று அங்கேயே கிடைத்துவிடுகிறது. 'தலையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினாற்போல இருக்கு', 'பாரமாக இருக்கு' என்பாரிடம் துடிப்பில்லை; அழுத்தமே உண்டு. அது பெரும்பாலும் இறுக்கத் தலைவலி. இருபக்கமும் பரவி, மென்மையாகவோ நடுத்தரமாகவோ நின்று, அரை மணி முதல் ஏழு நாள்வரை நீடிப்பது அது, நடமாட்டத்தால் மிகுவதில்லை, வாந்தி கொணர்வதில்லை. 'கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீர் என்கிறது' என்பார்க்கு முகத்து முந்நரம்பில் நோய் இருக்கலாம். பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் அவ்வலி தூண்டப்படுகிறதா எனக் கேட்டறிய வேண்டும்.

ரொனால்ட் மெல்சாக் 1975இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெயரால் வெளியிட்ட வலி வினாநிரலில் வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. அதனை மொழிபெயர்க்கும்போது அகராதிச் சொற்களை நாடுவதைவிட வட்டார இரட்டைக்கிளவிகளை நாடுவது பயன் தரும். ஆங்கிலத்தில் பெயரடைகளைத் தேடித் தொகுத்த வேலையின் பெரும்பகுதியைத் தமிழில் ஒலிக்குறிப்புகளே செய்து முடித்திருக்கின்றன. 

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'கண்ணுக்குள் பூச்சி பறக்கு' என்னும் தொடர், பசி மயக்கத்துக்கும் பார்வைக் கோளாறுக்கும் மைக்ரேனுக்கு முன் வரும் பார்வைக் குறிக்கும் பொதுவாக வழங்குகிறது. மைக்ரேனின் முன்குறி, அரிவாட்பல் போன்ற வளைந்த ஒளிக்கோடாகத் தோன்றிச் சிறிதுசிறிதாகப் பெருகி, 5 முதல் 60 நிமிடம் நிற்கும். எவ்வளவு நேரம் பறந்தது என்று வினவாமல் இத்தொடரின் பொருளைத் துணிய இயலாது.

காரணச் சொற்களின் இடர்

பித்தத் தலைவலி என்னும் வழக்கை முதலில் கொள்வோம். தலைவலி முற்றியபின் மஞ்சளாகவும் கசப்பாகவும் வாந்தி வருகிறது. வந்தபின் சிலர்க்கு வலி தணிகிறது. 'பித்தம் இறங்கியது' என்பர். நிகழ்ச்சியைக் கண்டது சரியே; முறைவைப்பு மாறிவிட்டது. மைக்ரேன் தாக்கும்போது இரைப்பையின் இயக்கம் தளர்கிறது; குமட்டலும் வாந்தியும் தலைநோயின் விளைவுகள், அதன் முதல் அல்ல. தாக்குதல் முற்றியபின் விழுங்கும் மாத்திரை சரிவர வேலைசெய்யாமைக்கும் இத்தளர்ச்சி ஒரு காரணம். சித்த மருத்துவத்தில் பித்தம் என்பது கல்லீரலில் சுரக்கும் நீரை மட்டும் குறிப்பதன்று. மூவகை உயிர்த்தாதுக்களுள் ஒன்று. பேச்சுவழக்கு அவ்விரிந்த பொருளைச் சுருக்கி வாந்தியில் கண்ட நீரோடு ஒன்றாக்கிவிட்டது. குறை மருத்துவ நூலினுடையதன்று.

'நீர்க்கோவை' இன்னும் சுவையானது. தலைமுழுகி ஈரம் உலர்த்தாதிருந்தால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பது பொதுநம்பிக்கை. கோத்தல் என்னும் வினை மாலைக்கும் உரியது, நீருக்கும் உரியது. நெற்றியில் பற்றிடும் சித்த மருந்துக்கும் 'நீர்க்கோவை மாத்திரை' என்றே பெயர். சுக்குப் பற்று, நொச்சித்தழை வேது ஆகியவையும் இவ்வகைத் தலைவலிக்கு வீடுகளில் செய்யப்படுபவை. இவை இதம் தருவதை மறுக்க வேண்டியதில்லை. அண்மைக்காலத்தில் நீர்க்கோவையின் இடத்தைப் பிடித்த சொல் 'சைனஸ்'. முகத்தெலும்பின் உள்ளறையைக் குறிக்கும் பெயர் நோய்க்கே பெயராகி, 'எனக்குச் சைனஸ் இருக்கு' என வழங்குகிறது. இது இடவாகுபெயர். சித்த நூல்களின் 'பீனிசம்' வழக்கொழிந்து வருகிறது.

தமக்குச் சைனஸ் தலைவலி எனத் தாமே கருதியோ மருத்துவர் கூறியோ நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, அவர்களுள் 88 விழுக்காட்டினர்க்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலியே எனக் கண்டது. மைக்ரேனின்போது முந்நரம்பு தூண்டப்படுவதால் மூக்கு ஒழுகும், கண் கலங்கும், நெற்றியும் கன்னமும் கனக்கும். ஆகவே மயக்கம் இயல்பு. உண்மையான சைனஸ் அழற்சியில் சீழ்கலந்த சளி, காய்ச்சல், மணம் அறியாமை ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். தலைமுழுகுதல், ஆவி, வேது என்று ஆண்டுக்கணக்கில் நீருக்கே மருத்துவம் செய்து மைக்ரேனுக்கு மருந்து காணாதவர் எத்துணைப் பேர் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

'பிரஷர் தலைவலி' என்பதும் இத்தகையது. வகைப்பாட்டின்படி, குருதியழுத்தம் 180/120 அளவை எட்டும்போதே தலைவலிக்கு அதனைக் காரணமாகக் கொள்ளலாம். அதற்குக் குறைந்த உயர்வழுத்தம் பெரும்பாலும் அரவமின்றியே இருக்கும். தலை வலிக்காத நாளில் அழுத்தம் இல்லை எனக் கருதி மருந்தை நிறுத்துவோர்க்கு இச்சொல் நேரான தீங்கு விளைக்கிறது.

தையற்கூடத்தில்

ஆயத்த ஆடைத் தொழிலில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னர் வேலை நெருக்கம் மிகும். குனிந்திருந்து பிடரித் தசை இறுகுதல், தூக்கம் குறைதல், உணவு தவறுதல், கோடையில் நீர் வற்றுதல் ஆகியவை இறுக்கத் தலைவலிக்கும் மைக்ரேனுக்கும் பொதுவான தூண்டிகள். தூண்டி வேறு, முதற்காரணம் வேறு. 'வெயிலால் வந்தது', 'பட்டினியால் வந்தது' என்பன தூண்டியைக் கூறுவன. அதே வெயிலில் அதே பட்டினியோடு இருந்த அடுத்த எந்திரத்தார்க்கு வாராமைக்கு மரபுவழி வந்த நரம்பியல்பே விளக்கம்.

தேநீரும் இங்குக் குறிக்கத்தக்கது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் ஒருநாள் விட்டால் ஒருநாளைக்குள் தலைவலி தோன்றுவது காபீன் விலகலால். 'டீ குடிக்காட்டி மண்டை இடிக்கும்' என்பது பழக்கத்தின் சாக்கு அன்று. வகைப்பாட்டில் இடம்பெற்ற நோயே. விடுமுறை நாளில் நெடுநேரம் உறங்கி எழுவோர்க்கு வரும் தலைவலியிலும் இதன் பங்கு உண்டு.

இவற்றினும் கொடியது மருந்தே நோயாவது. பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு எந்திரத்துக்குத் திரும்புவது எளிது. பாரசிட்டமால் போன்ற எளிய வலிநீக்கியை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமலும், காபீன் முதலியன சேர்ந்த கூட்டு மாத்திரையை 10 நாளுக்குக் குறையாமலும் மூன்று மாதத்துக்கு மேல் உட்கொண்டுவந்தால், முன்னமே தலைவலி உடையார்க்கு அது நாள்தோறும் வரும் தலைவலியாக உருமாறும். 'மாத்திரை போட்டாத்தான் நிக்கி' என்னும் கூற்றே இந்நிலையின் அறிகுறி. இந்நோய்க்குத் தமிழில் வேரூன்றிய பெயர் இல்லை. 'மருந்துமிகைத் தலைவலி' எனலாம். காரணத்தைப் பெயரிலேயே வைப்பது பொருந்தும் இடம் இது ஒன்றே. ஏனெனில் இங்கே காரணம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது.

தேரையும் பூச்சியும்

இதுகாறும் கூறியவற்றுள் பெரும்பாலானவை வேறொரு நோயின் சார்பின்றித் தாமே நோயாவன. பிறிதொன்றன் விளைவாக வரும் தலைவலிகளும் உள. தேரையர் பெயர்க்காரணக் கதை அவ்வகையைக் கருவாகக் கொண்டது. தீராத் தலைவலியுற்ற அரசன் ஒருவனின் மண்டையை அகத்தியர் திறந்தபோது உள்ளே தேரை இருந்ததாகவும், மாணவன் நீர்க்கிண்ணத்தைக் காட்டி அலசியதும் அது நீரை நோக்கித் தாவியதாகவும் கதை கூறும். சுசுருதமும் கிருமியால் வரும் சிரரோகத்தைத் தனியே வகுத்திருக்கிறது. தலைக்குள் உயிர் ஒன்று புகுந்து வதைக்கும் என்னும் எண்ணம் முற்றிலும் கற்பனையன்று. நாடாப்புழுவின் இளவுரு மூளையில் தங்கித் தலைவலியும் வலிப்பும் விளைப்பது இந்தியாவில் இன்றும் காணப்படுவது. கதையின் நுட்பம் அறுவையில் இல்லை. எல்லாத் தலைவலிக்கும் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, எதற்குத் திறக்க வேண்டும் என்று அறிவதில் உள்ளது. மூளைத்தசைக்கு நோவுணர்ச்சி கிடையாது; அதனைப் போர்த்த உறைகளும் குருதிக்குழாய்களுமே நோவன. ஆகவே உள்ளே கட்டி வளர்ந்தும் நெடுநாள் தலை வலிக்காதிருக்கக் கூடும்.

சங்கம் எனப்படும் நெற்றிப்பொட்டில் தோன்றி மூன்று இரவுக்குள் உயிர்கொள்ளும் 'சங்ககம்' பற்றி வடமொழி நூல்கள் எச்சரிக்கும். அது இன்றைய எந்நோய் எனத் துணிவது அரிது. ஆயினும் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் வலி தோன்றி, தலைவாரத் தொடும்போது நொந்து, மெல்லும்போது தாடை வலித்தால் பொட்டுத் தமனியின் அழற்சியை ஐயுற வேண்டும். காலம் தாழ்த்தின் பார்வை போகும். 'பொட்டு தெறிக்கு' என்னும் வழக்கு இளையோரிடம் ஒன்றையும் முதியோரிடம் வேறொன்றையும் குறிக்கக் கூடும்.

ஒரு கலைச்சொற் சிக்கல்

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை அடையும் கடுந்தலைவலி, மூளையுறைக்கு அடியில் குருதிக்குழாய் வெடித்ததன் அறிகுறியாக இருக்கக் கூடும். இதனை ஆங்கில மருத்துவம் வான் இடியின் பெயரால் வழங்குகிறது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'இடித் தலைவலி' என்றால் என்ன ஆகும்? ஈழத்தவர்க்குத் தலையிடி எல்லாத் தலைவலியும். கரிசல் நிலத்தார்க்கு மண்டையிடி அடிக்கடி வந்து அடிக்கடி போகும் துடிப்பு வலி. இருவருமே உயிரெடுக்கும் நோயைப் பழகிய நோயாகக் கொள்வர். மொழிபெயர்ப்பில் உவமை அப்படியே வந்து, அச்சம் மட்டும் வழியில் தவறிவிடும்.

'திடீர்க் கடுந்தலைவலி' என்னும் தொடர் அழகுடையதன்று. ஆயினும் வேகம், கடுமை ஆகிய இரண்டையும் மயக்கமின்றித் தருகிறது. மருத்துவமனை வினாநிரலில் பெயரை விடுத்து நிகழ்ச்சியைக் கேட்பது அதனினும் நன்று. 'வலி மெல்ல மெல்லக் கூடுச்சா, அறுபது எண்ணுறதுக்குள்ள உச்சத்துக்குப் போயிருச்சா?' என்று இவ்வட்டாரப் பேச்சிலேயே வினவலாம். 'இதுக்கு முன்னால இப்படி வந்ததுண்டா?' என்பது அடுத்த வினா. முன்னதற்கு 'உச்சத்துக்குப் போயிருச்சு' என்றும் பின்னதற்கு 'இல்லை' என்றும் விடை வந்தால், தைலமும் பற்றும் மாத்திரையும் தேடிக்கொண்டிராமல் அன்றே, அந்நேரமே, தலையை ஊடுகதிர்ப் படம் எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்கு நோயாளரைக் கொண்டுசெல்ல வேண்டும்.